வாயைத் திறந்தபடி நின்ற நாய்

குச்சவெளியில் நாய்க்குப் பச்சை எலும்பு போடலாமா என்று யாரும் கேட்டு நான் அறியேன். இறைச்சிக்கடை இன்றைக்குத் திறந்திருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அதற்கும் எங்களைவிட ஊர் நாய்களுக்கே விடை முந்தித் தெரிந்துவிடும். பௌர்ணமிப் போயா நாளில் நாடெங்கும் இறைச்சிக்கடை பூட்டு. அன்றைக்கும் அவை விடிய வந்து கடைவாசல் மணலை மோந்து பார்க்கும். ஒன்றும் இல்லையென்று கண்டதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடற்கரைக்கு இறங்கிவிடும். கரைவலை இழுக்கிற நாளென்றால் அங்கேயும் அவற்றுக்குக் குறையில்லை.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி றோட்டைப் பிடித்து, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி தாண்டி வடக்கே வந்தால் ஏறத்தாழ 34 கிலோமீற்றரில் எங்கள் ஊர். கிழக்கே கடல், மேற்கே களப்பும் வயலும் காடும். தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்துக் குறிச்சிகளில் இருந்தோம். நாங்கள் சைவர்கள். மீன் தின்போம், கோழி தின்போம், மாட்டிறைச்சி குசினிக்குள் வராது. ஆனால் நாய் எந்தச் சமயமும் சாராதது என்பதில் அம்மம்மாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கிழமைக்கு ஒருதரம் இறைச்சிக்கடைக்குப் போய் நாய்க்கு எலும்பு வாங்கிவருவது என் வேலை. பையைச் சைக்கிள் காண்டிலில் கொழுவக்கூடாது, ஏனென்றால் அங்கேதான் மரக்கறிப் பை கொழுவுவது. பின் கரியரில் கட்ட வேண்டும். படலையால் வரக்கூடாது, பின்வேலிக் கடப்பால் வர வேண்டும். நாய் கிணற்றடிக்கு அப்பால் பனையடியில் வைத்துத்தான் தின்ன வேண்டும். இதில் கடைசிச் சட்டத்தை நாய்க்கு யார் சொல்லிக்கொடுத்ததோ தெரியாது, அது ஒருநாளும் மீறவில்லை.

மற்றப்படி வீட்டில் அதற்குக் கிடைத்ததெல்லாம் அவித்த சாப்பாடு. பழஞ்சோறு, சொதி மிச்சம், மீன்தலை. சூரைமீனின் நடுமுள்ளை அம்மம்மா விரலுக்குள் வைத்து நெரித்துப் பார்ப்பா. நொறுங்கினால் சோற்றோடு பிசைவா, நொறுங்காதது அடுப்புக்குள் போய்விடும். கோழிக்கறி வைத்த நாளில் கோழி எலும்பு ஒன்றும் நாய்க்குக் கிடையாது. வாழையடியில் புதைப்பா. "அது ஊசி மாதிரி ஏறும்" என்பதுதான் அவ தந்த விளக்கம். பின்னாளில் வாசித்தபோது அதற்குமேல் பெரிதாக ஒன்றும் இல்லையென்று கண்டேன். எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள், மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதநார். பச்சை எலும்பு கொஞ்சம் வளைந்துகொடுப்பது அந்த நாரும் உள்ளே இருக்கிற ஈரமும் சேர்ந்துதான். அவித்தால், சுட்டால், பொரித்தால் நார் குலைந்து ஈரம் போய்விடும். பிறகு கடிக்கும்போது எலும்பு வளையாது, கூர் கூராகச் சிதறும். ஆகவே பச்சையா அவித்ததா என்று கேட்டால், அவித்தது கூடாது என்பதில் இரண்டு கருத்தில்லை. வழக்கெல்லாம் பச்சையைப் பற்றித்தான்.

இறைச்சிக்கடை நானாவின் கடை நாலு கப்பும் மேலே கிடுகும் முன்னால் கம்பிவலையும் உள்ளே ஒரு புளியமரக் குத்தியும் கொண்டது. நாய்க்கு எலும்பு என்று கேட்டால் சிலர் எதையும் அள்ளிப் போடுவார்கள். நானா பொறுக்குவார். விலா எலும்பு, நெஞ்செலும்பின் குருத்துப் பக்கம், கழுத்து முள்ளெலும்பு, வாலடி. எனக்கோ தடித்த துடையெலும்பின் மேல்தான் கண். சண்டியன் கையில் இருக்கிற தடி மாதிரிப் பார்க்க எடுப்பாக இருக்கும்.

"தம்பி, தொடையெலும்பு கேக்காத. அது சூப்புக்காரருக்கு. நாய்க்குக் குடுத்தா பல்லுப் போயிரும். அந்தக் கிழடனப் பாரு."

கிழடன் என்பது கடைக்கு முன்னால் படுத்திருக்கும் ஒரு செம்மறை நாய். அதன் வலக்கண்ணுக்குக் கீழே வீங்கி, உடைந்து, சீழ் வடிந்து, காய்ந்து, திரும்பவும் வீங்கும். கண்ணில் ஏதோ வருத்தம் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். நானாதான் ஒருநாள் ஒரு விலா எலும்பைத் தூக்கிப் போட்டு, அது வாயைத் திறக்கிற நேரம் பார்க்கச் சொன்னார். மேல்தாடையில், வெட்டுகிற பெரிய பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பிளந்து போயிருந்தது. பிளந்த இடத்தின் நடுவில் கறுத்த புள்ளி ஒன்று. அதற்குள்ளால் அழுக்குப் போய் வேர் பழுத்து, கண்ணுக்குக் கீழே வழி தேடியிருக்கிறது. மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல் என்று மிருக வைத்தியர்கள் சொல்வது இந்தப் பல்லைத்தான். மாட்டின் கால் எலும்பு, கொம்பு, குளம்பு, கல் என்று எதைக் கடித்தாலும் முதலில் பிளப்பது அதுவே. மாட்டின் முன்னங்கால் பின்னங்கால் எலும்புகள் நூற்றுக்கணக்கான கிலோவைத் தாங்க வளர்ந்தவை, நாய்ப்பல் அதற்கு முன் எம்மாத்திரம். பெருவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழாத எதையும் நாய்க்குக் கொடுக்காதே என்று பல் பார்க்கும் மிருக வைத்தியர்கள் இப்போது சொல்கிறார்கள். நானா நகத்தால் அழுத்திப் பார்க்கவில்லை. கத்தி எந்த எலும்பில் எகிறுகிறது என்று அவருக்குத் தெரியும்.

பச்சை எலும்பின் கட்சிக்காரர்கள் எப்போதும் பல்லைத்தான் முன்னிறுத்துவார்கள். அதில் பொய் இல்லை. 2016இல் பிரேசில் ஆய்வாளர்கள் எட்டு பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே பல்லில் படிந்த காறையில் பெரும்பகுதி உதிர்ந்துபோனது. எங்கள் நாயின் பல்லும் அப்படித்தான், சங்கு வெள்ளை. ஆனால் காட்டில் எலும்பு தின்று வாழும் விலங்குக்குப் பல்நோயே வராது என்று சிலர் அடுத்த படிக்குத் தாவுகிறார்கள். அங்கே நான் நின்றுவிடுகிறேன். 1999இல் ஆபிரிக்கக் காட்டுநாய்களின் மண்டையோடுகளை எடுத்து ஆராய்ந்த இருவர், காறை குறைவு என்றாலும் ஏறத்தாழப் பாதி மண்டையோடுகளில் பல் உடைந்திருந்ததையும், பத்துக்கு நாலில் ஈறுநோயின் தடம் இருந்ததையும் கண்டார்கள். காட்டுநாய்க்கு வைத்தியர் இல்லை, முறைப்பாடு சொல்ல வாயும் இல்லை. கிழடனும் அப்படித்தான் வாலாட்டிக்கொண்டே வாழ்ந்தது.

எங்கள் நாய்க்கு ரைகர் என்று பெயர். யுத்தத்துக்கு முன்னால் வைத்த பெயர், அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு ரைகர் இருந்தன. பிறகு றோட்டில் இராணுவக் காவலரண் வந்தது. பொழுதுபட்ட நேரத்தில் படலையடியில் நின்று "ரைகர்! ரைகர்!" என்று கூப்பிடுவது புத்தியான காரியமாக இருக்கவில்லை. அம்மா பெயரை மணி என்று மாற்றினா. நாய் அந்தப் பெயரைக் கடைசிவரை ஏற்கவில்லை. நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட நாங்கள்தான் பழகிக்கொண்டோம்.

ரைகர் எலும்பு தின்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் எலும்பைச் செங்குத்தாக நிறுத்தும். தலையை ஒருபக்கம் சரித்து, முன்பல்லால் முதலில் சவ்வையும் ஒட்டின இறைச்சியையும் உரிக்கும். பிறகு குருத்து. குருத்து முடிந்தபிறகுதான் பக்கப்பல். இடையில் எழும்பிப் போய்த் தண்ணீர் குடிக்கும், வெயிலில் படுக்கும், திரும்பி வரும். அலுத்தால் பனையடி மணலில் புதைக்கும். வயிற்றில் ஏற்கெனவே சோறு இருக்கிறது, அவசரம் ஏன்? கடைவாசல் நாய்கள் அப்படியல்ல. எலும்பு நிலத்தில் விழுமுன் வாயில் பிடித்து, நாலு பக்கமும் பார்த்து, ஒரு தலையாட்டலில் விழுங்கும். பக்கத்து நாய் உறுமினால் முழுசாகவே விழுங்கும். விழுங்கியது தொண்டையில் நிற்கும், இரைக்குழாயில் நிற்கும், குடலில் நிற்கும். அடுத்தநாள் மணலில் முக்கி முக்கிக் குந்தியிருக்கும் நாயைப் பார்த்தால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக ஏதோ விழும், சிலதுக்கு அதுவும் விழாது.

எலும்பைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் வகையைச் சொல்கிறார்கள், அளவைச் சொல்கிறார்கள், கிருமியைச் சொல்கிறார்கள். பசியைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்: சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், முதலில் கொடுக்காதீர்கள் என்று. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமானதாகப் படுகிறது. 1990 ஜூனில் சண்டை மூண்டு நாங்கள் ஊரைவிட்டு ஓடியபோது நாய்களை அவிழ்த்துவிட்டுத்தான் ஓடினோம். ஒருவரும் கூட்டிக்கொண்டு போகவில்லை, போகவும் முடியாது. பிறகு ஆள் பார்க்கப் போய்வந்தவர்கள் சொன்னார்கள், கைவிட்ட மாடுகள் செத்துக் கிடந்ததையும் அவற்றைச் சுற்றி ஊர் நாய்கள் கூட்டமாகத் திரிந்ததையும். சோறு தின்று வளர்ந்த வீட்டு நாய்கள் அவை. நின்று நிதானமாகக் குருத்தை உரித்த நாய்கள். அந்தக் கூட்டத்தில் ரைகர் இல்லை, அது அதற்கு முதல் வருடமே வயதுபோய்ச் செத்துவிட்டிருந்தது. ஒரு வகையில் அது கொடுத்துவைத்தது.

நானாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அத்தனை நாய்க்கும் படியளந்த மனிதர் ஒரு நாயையும் கிட்ட அண்டவிடமாட்டார். எலும்பை எறிவார், நீட்டமாட்டார். நாயின் எச்சில் பட்டால் ஏழுதரம் கழுவ வேண்டும், அதில் ஒருதரம் மண் போட்டு என்பது இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபின் சட்டம். நாங்கள் பொடியன்கள் நாயின் வாய்க்குள் கைவிட்டு எலும்பைப் பிடுங்கி விளையாடுவோம். நானா அதைக் கண்டால் தலையைத் தலையை ஆட்டுவார். "பெருநாளா இருந்தாலும் அது வாயில இருக்கிறது அதுக்குச் சொந்தம்" என்பார். அந்த எச்சரிக்கை ஊறிய இடம் மார்க்கம். என் சின்னமாமா அதே இடத்துக்கு வேறு வழியால் வந்து சேர்ந்தவர்.

சின்னமாமா கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர். பெயர் நீளமே தவிர, வேலை சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போடுவதும் செயற்கை முறையில் சினைப்படுத்துவதும். நாய் அவருடைய பொறுப்பில் இல்லை. ஆனால் மிருக வைத்தியரைக் காண நகரத்துக்குப் போக வேண்டிய ஊரில் பொறுப்பைப் பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள் அவர் நானாவிடம் போவார். உழ்ஹிய்யாப் பலி கொடுக்கிற இடத்தில் ஆழமாகக் குழி வெட்டச் சொல்ல. எலும்பு போனால் போகட்டும், ஈரலும் நுரையீரலும் ஒரு நாய்க்கும் போகக்கூடாது என்பார். மாட்டின், ஆட்டின் ஈரலில் சிலவேளை தண்ணீர் நிறைந்த கொப்புளம் இருக்கும். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் அரிசியளவும் வராத ஒரு நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் மலத்தால் வந்து, மயிரில் ஒட்டி, பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் போகும். பிறகு அதே கொப்புளம் மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் பல வருடம் சத்தமில்லாமல் பெருக்கும். ஐஸ்லாந்து ஒரு காலத்தில் இந்த நோயால் பேர்போன நாடு. பச்சை ஈரலை நாய்க்குப் போடுவதை நிறுத்தியும் நாய்க்குப் பூச்சிமருந்து கொடுத்தும் அதை அந்த நாடு ஒழித்துக் கட்டியது. எலும்பு கூடுமா கூடாதா என்று ஊரெல்லாம் வாதாடும்போது அதனோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஈரல் துண்டை ஒருவரும் கவனிப்பதில்லை.

ஆனால் எலும்பு என்று யார் பேச்செடுத்தாலும் என் மனது போய் நிற்பது இதில் ஒன்றிலும் அல்ல. வாயைத் திறந்தபடி நின்ற இரண்டு நாய்களிடம்.

முதலாவது ரைகர். ஒரு பின்னேரம் பனையடியிலிருந்து வந்தது. வாய் பாதி திறந்தபடி, எச்சில் நூலாகத் தொங்குகிறது. முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டுகிறது, தலையை மணலில் தேய்க்கிறது, ஓடுகிறது, நிற்கிறது. ஒழுங்கையால் போன ஒருவர் கண்டுவிட்டு "விசர் நாய்!" என்று கத்தினார். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இருந்த வேகம் வேறெந்தச் சொல்லுக்கும் இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அப்பால் பொல்லும் துடுப்புமாக ஆட்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் செத்திருந்தார்கள். நோய் வெளிப்பட்டபிறகு பிழைத்தவர் என்று ஊருக்கு ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. ஊர் நினைவில் அந்தச் சாவுகள் இருந்தன. தண்ணீரைக் கண்டு நடுங்கியவர்களை, கட்டிலோடு கட்டப்பட்டவர்களைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

சின்னமாமா வந்தார். கிட்டப் போகவில்லை. வேலிக்கட்டையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஊசி போட்டதா என்று கேட்டார். அம்மா குசினிக்குள் ஓடிப்போய்த் துண்டை எடுத்து வந்தா. அந்த வருடம் சுகாதாரப் பகுதியினர் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டபோது கொடுத்த துண்டு. 1975இல் தொடங்கிய விசர்நாய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் எங்கள் ஊர்வரை வந்திருந்தது என்பதற்கு அது சாட்சி. எலும்பு எப்போது கொடுத்தது என்று என்னிடம் கேட்டார். மத்தியானம் என்றேன். "காலால பிறாண்டுது, கவனிச்சியா?" என்றார்.

அப்படியிருந்தும் கையை விடவில்லை. சாக்கு ஒன்றைப் போட்டு மூடி, இரண்டு பேர் அமத்திப் பிடித்தார்கள். ஒரு வேப்பங்கொம்பைத் தாடைகளுக்கு நடுவில் குறுக்காகக் கொடுத்தார்கள். சின்னமாமா மாட்டுக்குச் சினைப்படுத்தும்போது போடுகிற, தோள்வரை வரும் நீளக் கையுறையை மாட்டிக்கொண்டார். சைக்கிள் திருத்துகிற குறட்டை எடுத்தார். விலா எலும்பின் விரல்நீளத் துண்டொன்று அண்ணத்தின் குறுக்கே, இரண்டு பக்கப் பெரிய பல்லுக்கும் நடுவில் பாலம் போட்டதுபோல இறுகியிருந்தது. குறட்டால் பிடித்து, முன்னுக்கு இழுக்காமல் ஒரு நுனியைக் கீழே நெம்பினார். 'டக்' என்றது. விட்டதும் ரைகர் உதறிக்கொண்டு எழும்பி, கூட்டத்தை ஒருதரம் பார்த்தது. பிறகு மணலில் கிடந்த அந்த எலும்புத் துண்டையே தேடிப் போனது. பொல்லோடு நின்றவர்கள் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். நல்ல விலா எலும்பு, நல்ல நாய், வயிறு நிறையச் சோறு. அப்படியிருந்தும் நடந்தது. நானாவின் பொறுக்கலுக்கும் ஒரு எல்லை உண்டு.

இரண்டாவது நாய் சோளகக் காலத்தில் வந்தது. அந்தப் பருவத்தில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கடற்றொழிலாளர் எங்கள் கரைக்கு வந்து வாடி போட்டிருப்பார்கள். ஒரு வாடிக்காரர் ஒரு நாய்க்குத் தினமும் மீன் போடுவார். ஒருநாள் அது வாடிக்குப் பின்னால் வாயைத் திறந்தபடி நின்றது. கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் வடிகிறது, விழுங்கப் பார்க்கிறது, முடியவில்லை. கெளிற்று முள் தைத்துவிட்டது என்று அவர் நினைத்தார். நினைப்பதற்குக் காரணமும் இருந்தது. கெளிற்றின் செட்டைமுள் அரம்போலப் பல்வைத்தது, விஷமும் உண்டு. கரைவலையில் கழித்துப் போட்ட கெளிற்றை விழுங்கப்போய் முள் ஏறிய நாய்களைக் கரையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் நாயை மடியோடு அணைத்து, வாய்க்குள் விரல்களை விட்டுத் தொண்டைவரை தடவிப் பார்த்தார். முள்ளும் இல்லை, எலும்பும் இல்லை. நாய் கடிக்கவில்லை. கடிக்க அதற்குத் தாடையில் பலமே இருக்கவில்லை.

விசரில் ஓடிக் கடிக்கிற வகையைத்தான் எல்லோருக்கும் தெரியும். ஊமை விசர் என்று இன்னொன்று உண்டு. அதில் நாய் கடிக்காது, ஓடாது. தாடைத் தசையும் தொண்டைத் தசையும் செயலிழந்து வாய் தொங்கிவிடும். குரல் கம்மிவிடும். பார்ப்பவருக்குத் தொண்டையில் எலும்பு மாட்டியது போலவே இருக்கும், இரக்கப்பட்டவர் கையை விடுவார். அந்த எச்சில் முழுக்க வைரஸ். மிருக வைத்தியப் பாடநூல்களில் இந்த எச்சரிக்கை பழையது, ஆனால் வாடிக்காரர் எந்தப் பாடநூலைக் கண்டார்? அவருடைய விரல் முழுக்கக் கயிறு அறுத்த புதுக்காயம்.

சின்னமாமா கேள்விப்பட்டு வந்து நாயைத் தூரத்திலிருந்தே பார்த்தார். இந்த நாய் முகத்தைக் காலால் தொடவேயில்லை. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று பிறகு எனக்குச் சொன்னார். இரண்டும் மாறியும் வரலாம், தெரியாத நாய் என்றால் விசர் என்றே வைத்துக்கொள் என்றார். வாடிக்காரரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், சன்லைற் சவர்க்காரத்தைக் கையில் கொடுத்து, "தேயுங்கோ, நான் சொல்லுமட்டும் தேயுங்கோ" என்று பக்கத்தில் நின்றார். காலாறி நிற்கிற வேலை இல்லை, நல்லாக் கால்மணித்தியாலம் தேய்க்க வைத்தார். அன்றைக்கே கடைசி பஸ்ஸில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அது தொப்புளைச் சுற்றி ஊசி போடுகிற காலம், விலங்கின் மூளைத் திசுவிலிருந்து செய்த மருந்து, நாளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டே போவார்கள். நாய் மூன்றாம் நாள் செத்தது. அதற்கு முன்னால் பொடியன்கள் பொல்லோடு போனபோது சின்னமாமா கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது: "தலையில அடியாதேங்கோ! தலை வேணும்!"

தலை வேண்டும். மூளையில்தான் வைரஸைத் தேடுவார்கள், அதைச் செய்கிற இடம் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, கையுறையோடு தலையைப் பிரித்து, பொலித்தீன் உறை மேல் உறையாகச் சுற்றி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். எங்கள் ஊரில் மின்சாரத்துக்குப் பஞ்சம் இருந்தது, ஐஸுக்கு இல்லை. மீன் வாடியிலிருந்து ஐஸ்கட்டி வந்தது. திருகோணமலையில் இரவு ரயில். சில நாளில் தந்தி: விசர் உறுதி. வாடிக்காரர் ஊசியெல்லாம் போட்டு முடித்து, வயிற்றைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தார். அடுத்த பருவத்துக்கும் வந்தார், சின்னமாமாவுக்கு ஒரு பெரிய பாரைக் கருவாடு கொண்டு வந்தார்.

இப்போது ஊசி கையில்தான், அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். வருடச் சாவு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. தெருநாயைப் பிடித்துக் கொல்லுவதை 2006இல் நிறுத்தி, தடுப்பூசியையும் கருத்தடையையும் நம்புகிறார்கள். நல்லது. ஆனால் எலும்புத் துண்டுக்கு நாய்கள் அடிபடுகிற இறைச்சிக்கடை வாசல்கள் இன்னும் இருக்கின்றன, அதற்குள்ளால்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். எங்கள் பக்கத்தில் பச்சை எலும்பால் நாய்க்கு வந்த கேட்டைவிட, எலும்புக்காக நின்ற நாயால் மனிதருக்கு வந்த கேடு பெரிது என்பது என் கணக்கு.

தம்பியின் மகள் ரொறொன்ரோவில் இருக்கிறாள். போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்: "பெரியப்பா, நாய்க்குப் பச்சை எலும்பு குடுக்கலாமா? ஒராள் கட்டாயம் குடு எண்டுது, ஒராள் குடுத்தால் செத்துப்போகும் எண்டுது." அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் நாய்க்கு எலும்பு கொடுக்கச் சொல்லிப் புத்தகம் எழுதியதிலிருந்து அங்கெல்லாம் இது ஒரு கட்சி அரசியல். அமெரிக்க மிருக வைத்தியச் சங்கம் 2012இல் பச்சை இறைச்சியே வேண்டாம் என்ற பக்கம் நின்றது, சல்மொனெல்லாவும் லிஸ்டீரியாவும் நாயோடு வீட்டாரையும் பிடிக்கும் என்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் வெளியிட்ட எச்சரிக்கையை அவள் வாசித்துக் காட்டினாள்: 68 முறைப்பாடுகள், ஏறத்தாழ 90 நாய்கள் நோய்ப்பட்டன, 15 செத்தன. நான் இடைமறித்தேன். அது கடையில் புகையூட்டி, சுட்டு, பைக்குள் அடைத்து விற்கிற எலும்பைப் பற்றியது. அம்மம்மா வாழையடியில் புதைத்த சாதி. பச்சை எலும்பின் கணக்கில் அதை எழுதக்கூடாது.

பச்சைக் கோழிக்கழுத்து கொடுக்கலாம் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாள். அது வேண்டாம் என்றேன். 2018இல் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறார்கள், பின்னங்காலில் தொடங்கி உடல் முழுக்கப் பரவும் ஒருவகைப் பக்கவாதத்துக்கும் பச்சைக் கோழியில் இருக்கிற கம்பிலோபக்டர் கிருமிக்கும் தொடர்பு இருக்கிறதென்று. வளையமாக அறுத்த நல்லி எலும்பும் வேண்டாம், கீழ்த்தாடையில் வளையல் மாதிரி ஏறி இறுகிக்கொள்ளும். சாப்பாடு கொடுத்து வயிறு நிறைந்தபிறகு, நாயின் வாயைவிடப் பெரிய விலா எலும்பு, பக்கத்தில் நீ இருக்கிற நேரம், சின்னதாகத் தேய்ந்ததும் எடுத்துவிடு. எடுக்கும்போது வேறு ஏதாவது தின்னக் கொடுத்து மாற்றி எடு, பிடுங்காதே. வயதுபோன நாயென்றாலும் விழுங்குகிற பழக்கமுள்ள நாயென்றாலும் எலும்பே வேண்டாம்.

அதற்கெல்லாம் முதல், விசர் ஊசி போட்டாச்சா என்று கேட்டேன்.

"ஓம் பெரியப்பா, இங்க அது சட்டம். போடாட்டி தண்டம்."

அப்ப சரி, வாங்கிக் கொடு என்றேன். குளிரூட்டிய விலா எலும்பு, மூன்று துண்டு கொண்ட பையின் விலையைச் சொன்னாள். இலங்கைக் காசுக்கு மாற்றிப் பார்த்தேன். இந்தக் கணக்கு நானாவுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே கம்பிவலையை இழுத்துப் பூட்டிவிட்டு விமானம் ஏறியிருப்பார், கிழடனுக்குத்தான் பாடு.